கிளம்பாத மெக்கானிக்குகள்

லாரியிலிருந்து கழற்றிய பக்கக் கண்ணாடியைத் தரையில் கிடத்தி, நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தை அதற்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார் சின்னுசாமி. பல் விளக்குவதெல்லாம் அப்புறம்தான். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண். அவர் மனைவி பொன்னாத்தாள் கட்டைப் பிரித்ததும் மதில் தாண்டிச் சின்னுசாமியின் குரல் வரும்: "ஏனுங்க தம்பி, நேத்தைக்கு இன்னைக்குச் சுருங்கியிருக்குதுங்களா, வந்து பாருங்க." பக்கத்து வீட்டுக்காரனான நான் போய்ப் பார்த்து, "கொஞ்சம் பரவாயில்லை" என்று பொய் சொல்லிவிட்டு வருவேன்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இருபத்தைந்து வருடமாக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். கம்ப்ரசர் இரைச்சலில் பழகிய தொண்டை. ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும். பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை ஸ்பானர் பெட்டியில் போட்டுவிட்டு வீடெல்லாம் தேடுகிற ஆசாமி.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். அப்படியொரு மதியம், குமாரபாளையம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புதுத் துளைக்குப் பூசை. பூசைக்குச் செருப்பு ஆகாது. கழற்றினார், தேங்காய் உடைத்தார், கற்பூரம் காட்டினார். அதே வெறுங்காலோடு ரிக்கின் இரும்புப் பலகையில் ஏறி லீவரைப் பிடித்தவர், சாயங்காலம்தான் இறங்கினார். செருப்பு மாட்டக் குனிந்தபோது தோல் வழன்று கிடந்தது. சுட்டதே அவருக்குத் தெரியவில்லை.

கார்த்திகையும் பாதி போய்விட்டது. புண் ஆறவில்லை.

டாக்டர் மதுமதி பொறுமையாகத்தான் விளக்கினார். "ரத்தக் குழாயோட உள்சுவர் கெட்டுப்போனா, அதைச் சரிபண்ண எலும்பு மஜ்ஜையிலேர்ந்து சில செல்லுங்க கிளம்பி வரும். சர்க்கரை ஏறிக்கிட்டே இருந்தா அதுங்க கிளம்புறதே குறைஞ்சிடும். வந்து சேர்றதும் சரியா வேலை செய்யாது. பதினஞ்சு நாள் பார்ப்போம். தேறலைன்னா விரலை எடுக்கணும்."

"அப்ப மெக்கானிக்கெல்லாம் ஷெட்டுலயே படுத்துக்கறானுங்களாட்ட இருக்குது" என்றார் சின்னுசாமி. பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. கூடப் போயிருந்த நானும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம். சர்க்கரையில்லாத டீயை மருந்துபோல விழுங்கிவிட்டு, தொடையெலும்பை மேலிருந்து கீழாக நீவிவிடுவார். "கெளம்புங்க சாமி, நேரமாகுதல்லொ" என்று கெஞ்சுவார். மாத்திரை இப்போது சட்டைப் பையை விட்டு நகர்வதில்லை. முன்பே இந்தப் புத்தி வந்திருந்தால் என்று எனக்குக் கோபமாகக்கூட வரும்.

பதினைந்தாம் நாள் நான்தான் அழைத்துப் போனேன். புண்ணைப் பார்த்த டாக்டர், கால் மரத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். "கண்ணை மூடிக்கோங்க. நைலான் இழையால தொடுவேன். தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க."

கட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினார். டாக்டர் இழையை எடுக்க மேசைப் பக்கம் திரும்பினார்.

"தெரியுதுங்க" என்றார் சின்னுசாமி. "இப்பவும் தெரியுதுங்க."