காளியப்பன் எதனால் இறந்தார்

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும் முன்பே பால்வண்டிக்காரர் வாசலில் வந்து நின்று, "காளியப்பண்ணன் போயிட்டாருங்க வாத்தியாரே" என்றார். துக்கத்துக்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. பாதி காளியப்பன்மேல், பாதி என்மேல்.

மீனாட்சிபுரத்துக்காரர்களுக்கு மாட்டு வைத்தியர் காளியப்பனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் செவலைப் பசு கன்று ஈன முடியாமல் கிடந்தபோது, தோள்வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தார். நின்றிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "மாட்டுக்கு வெக்கமில்லீங்க, அதனால பொழைச்சுக்குது" என்று சிரித்தார்.

அவருக்கு வெட்கம் இருந்தது. சிறுநீர் கழிக்க வேலியோரம் போனவர் வெகுநேரம் அங்கேயே நிற்பதை இரண்டு வருஷத்துக்கு முன்பே பார்த்தேன். கேட்டதற்கு, "சூடுங்க. ஊட்ல சொல்லிப்போடாதீங்க" என்றார். நான் சொல்லவில்லை. சிநேகிதனுக்கு அதுதான் அழகென்று நினைத்தேன். இளநீரும் பார்லித் தண்ணீருமாகக் குடித்துப் பார்த்தார். பிறகு சிறுநீரில் இரத்தம் வந்தது. அதையும் என்னிடம் மட்டும் சொன்னார், அந்த ரகசியத்தையும் காப்பாற்றினேன். இடுப்பெலும்பில் வலி கண்டு நடக்க முடியாமல் போன பிறகுதான், வண்டி கட்டிக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் ஆசனவாய் வழியாக ஒரு விரலை விட்டுப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கும் சுரப்பி கல்லாய் இறுகியிருக்கிறது, அது புற்று, எலும்புக்கும் பரவிவிட்டது என்றார். "முன்னமே வந்திருந்தால் அறுத்துப் பார்த்திருக்கலாம். இனிச் சிறுநீர் இறங்கக் குழாய் வைக்கலாம், அவ்வளவுதான்."

திரும்பும் வழியில் வேலந்தாவளம் தாண்டியதும் காளியப்பன் சொன்னார்: "எத்தனையோ மாட்டுக்குக் கை உட்டவன், ஒரு வெரலுக்குப் பயந்து சாகறனுங்க. நான் எதுல செத்தேன்னு நீங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடோணும்."

காரியத்தன்று சொல்ல எழுந்தேன். அவருடைய தம்பி கந்தசாமி என் கையைப் பிடித்தார். "காய்ச்சல்னு சொல்லியிருக்கறமுங்க. ஊட்டு மானம் போயிருமுங்க." கையை உதறிவிட்டுச் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்பே சிறுநீர் தடைப்பட்டது, அதை என்னிடம் மட்டும் சொன்னது, இரத்தம் போனது, டாக்டர் விரல் வைத்தது, எதையும் விடவில்லை. பெரிய மனிதர்கள் நாலு பேர் எழுந்து போனார்கள். அவர் மனைவி நாச்சம்மாள் மட்டும் கேட்டார்: "ரெண்டு வருசமா உங்களுக்குத் தெரியுமுங்களா?"

மறுநாள் காலை கந்தசாமி என் வீட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் ஒரு வருசமா அப்படித்தானுங்க" என்றார். அன்றே அவரைக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனேன். அவருக்குச் சுரப்பி வெறுமனே வீங்கியிருக்கிறது, கல்லாகவில்லை என்று டாக்டர் சொன்னார்.

முன்னமே போயிருந்தால் காளியப்பன் பிழைத்திருப்பாரா, தெரியாது. எல்லாரிடமும் சொல் என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் எனக்கு விட்டுப்போயிருக்கிறார். அவர் உயிரோடு இருந்தபோது அவர் நோயை அவர் வீட்டில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.