சத்தம் வராவிட்டால் வேலை உண்டு

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. சோறு வேகும்வரை பத்துத் தடவை மூடியைத் திறந்து பார்ப்பேன். அப்படிப்பட்ட எனக்குக் கொழும்புக் கம்பனி ஒன்று பயிற்சி வேலைக்காக ஒரு பரீட்சை வைத்தது. ஜாவாஸ்கிரிப்டில், எக்ஸ்பிரஸ் என்ற கருவியைக் கொண்டு, கேட்டதற்குப் பதில் அனுப்பும் சின்ன சேர்வர் ஒன்றை எழுதி, புதன்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். அந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த திங்கள் முதல் அவிசாவளை கார்மெண்டில் தையல் மெஷின். பக்கத்து வீட்டு அக்கா அங்கே இடம் பேசி வைத்திருந்தார். எனக்குப் போக விருப்பமே இல்லை.

எங்களுடையது ரப்பர் தோட்டம். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. இன்று வெட்டு உண்டா என்று கேட்டால் சேர்வர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஃபோன் டேட்டாவில் எக்ஸ்பிரஸை இறக்கி, ஏழெட்டு வரி எழுதி, மழை என்று போட்டுப் பார்த்தேன். 'இன்று வெட்டு இல்லை' என்று திரையில் வந்தது. துள்ளிக் குதித்தேன். மழையை எடுத்துவிட்டுக் கேட்டால் பிரவுசரில் வட்டம் சுற்றத் தொடங்கியது. நிற்கவே இல்லை. பிழை என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை.

சிக்னலைத் திட்டினேன். சேர்வர் ஓடுவது என் லெப்டொப்புக்குள், சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது தெரிந்தும், சிக்னல் நன்றாக எடுக்கும் பால் நிறுக்கும் கொட்டில்வரை அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கேயும் வட்டம்தான்.

புதன் விடிய, அம்மா வாசலில் நின்று மேட்டுப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்டு இல்லையென்றால் கங்காணி மேட்டிலிருந்து தமிழிலும் சிங்களத்திலும் சத்தம் போடுவார். சத்தம் வராவிட்டால் வேலை உண்டு. அம்மா சற்று நேரம் நின்றார், வாளியை எடுத்தார், போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். மழை என்றால் பதில் அனுப்பு. மழை இல்லையென்றால் ஒரு வரிகூடக் கிடையாது. அது குறை என்றே எனக்குத் தோன்றவில்லை. பிரவுசருக்கு எங்கள் தோட்டத்து லய வீடுகளின் வழக்கம் எப்படித் தெரியும், பாவம். பதில் வரும் வரும் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. 'இன்று வெட்டு உண்டு' என்று ஒரு வரி சேர்த்தேன். வட்டம் நின்றது. பத்து மணிக்கே அனுப்பிவிட்டேன்.

வியாழன் பதில் இல்லை. வெள்ளியும் இல்லை. ஈமெயிலைத் திறந்து திறந்து விரல் தேய்ந்தது. சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா கேட்க வந்தபோது, புள்ள கார்மெண்டுக்கு வராது, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள் என்று அம்மா சொல்லி அனுப்பிவிட்டார்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"கம்பனிக்காரங்க வேணாம்னு ஒண்ணும் சொல்லலியே புள்ள. அப்ப வேலை இருக்குன்னுதானே."

கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே போய்க் கம்பனிக்கு எழுதினேன்: வேலை இல்லையென்றாலும் தயவுசெய்து ஒரு வரி பதில் அனுப்புங்கள்.

அன்று பின்னேரம் அம்மா தெஹியோவிட்ட கடைத்தெருவிலிருந்து வந்தார். நான் கொழும்புக்குக் கொண்டுபோக ஒரு புதுப் பை வாங்கியிருந்தார்.