தலையணையில் இரண்டு சொட்டு

மகள் தூங்கும் அறையில் லாவெண்டர் எண்ணெய் வைக்கலாமா என்று நேற்றும் தடுமாறினேன். பஞ்சில் இரண்டு சொட்டு விட்டேன். அதிகமோ என்று ஒரு சொட்டுப் பஞ்சாக மாற்றினேன். ஒன்றரை வயதுக்கு அதுவும் வேண்டாமென்று ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பினால், அவள் தூங்கியிருந்தாள். அப்போது அப்பாவின் நினைவு வந்தது.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை அது. இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் அப்பாவுக்கு இராத்திரி ஷிப்ட். காலையில் வந்து படுப்பார். ஒரே அறை, அதில்தான் நானும் இருப்பேன். எதையும் கேட்டுக் கேட்டுச் செய்கிற பிள்ளை நான். அப்பா கண்ணை மூடியதும், "அப்பா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வேன்.

ஒருநாள் அப்பா மெஷின் முன்னால் நின்றபடியே கண்ணசந்துவிட்டார். இன்னொரு தடவை அசந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை வந்தாள். ஊட்டி டூர் போய்வந்தவள், வர்க்கி பிஸ்கட்டோடு ஒரு சின்னக் குப்பியும் கொண்டுவந்திருந்தாள்.

"லாவெண்டர் தைலம், மதினி. தலகாணில ரெண்டு சொட்டு விட்டா அண்ணன் அசந்து தூங்கிரும்," என்று அம்மாவிடம் சொன்னவள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குப்பியை என் கையில் கொடுத்தாள். "ஏட்டி, இது ஒம் பொறுப்பு. சொட்டு விட்டுட்டுப் பக்கத்துலயே உக்காரணும். வாயத் தொறந்த, வாசம் கலைஞ்சு போயிரும்."

மறுநாளே தொடங்கினேன். இரண்டு சொட்டு விட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா மதியம் வரை அசையவில்லை. நான்கு நாள் அப்படியே போயிற்று. அம்மா வேலை செய்தபடி ஏதோ பாட்டு முணுமுணுத்தாள்.

ஐந்தாம் நாள் குப்பி என் கை தவறிக் கவிழ்ந்து, எண்ணெய் முழுக்கத் தரையில் போய்விட்டது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். இன்று தூக்கம் வராது, இராத்திரி மெஷின் முன்னால் அசந்துவிடுவார், வேலை போய்விடும், எல்லாம் என்னால். தரையைத் துடைத்துவிட்டுக் குப்பியில் தண்ணீர் பிடித்தேன். இரண்டு சொட்டு விட்டு, மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்பா தலையணையை முகர்ந்தார். "இன்னைக்கு வாசம் தூக்கலா இருக்கே, தாயி," என்றார். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்.

ஏமாற்றிவிட்ட பயம் பொறுக்காமல் அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன்.

"அம்மா, இப்ப என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாண்டாம். தண்ணியவே ரெண்டு சொட்டு விடு. ஆனா அத்த சொன்ன மாதிரி பேசாம உக்காரணும், என்ன?"

பள்ளி திறக்கும்வரை அப்பாவின் தலையணையில் தண்ணீர்தான் விட்டேன். தீர்ந்தால் நிரப்பிக்கொண்டேன். குப்பியில் இருந்தது தண்ணீர் என்று அப்பாவுக்குத் தெரியாது என்று நம்பினேன். வெறும் தண்ணீரில் எப்படித் தூக்கம் வருகிறது என்று யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. கேட்பதென்றால், வாயைத் திறக்க வேண்டுமே.