கடைசி வண்டியின் கம்பு

இது நடந்தது. போன வருடம், பள்ளி விடுமுறையில், என் வண்டியில், என் பெண்டாட்டி பிள்ளைகளோடு போகும்போது நடந்தது. நம்பச் சொல்லி யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதின்மூன்று வயதில் தார்ச் சட்டி தூக்க வந்தவன். ஆறு வருடம் ரோட்டோரத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஒரு பேயும் வந்து என்னை எழுப்பியதில்லை. எழுப்பியதெல்லாம் மேஸ்திரிதான்.

இப்போது கான்கிரீட் கலவை இயந்திரம் ஓட்டுகிறேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் குடும்பத்தோடு ஒரு நாள்கூட வெளியூர் போய்த் தங்கியதில்லை. சின்னவளுக்கு ஏழு வயது. கடலைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறாள். "அப்பா, அலை அடிக்கும்போது சத்தம் வருமா?" என்று ஒருநாள் கேட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பழைய வேன் ஒன்று கைவசம் இருந்தது. நான்கு நாள் லீவு போட்டேன். மலையைத் தாண்டினால் அந்தப் பக்கம் கடல். நான், மனைவி, பெரியவள், சின்னவள், மனைவியின் தம்பி. அவனுக்கு வீட்டில் 'வானிலை' என்று பெயர். அவன் எதைச் சொன்னாலும் நேர்மாறாகத்தான் நடக்கும்.

ஞாயிறு காலை 6.15க்குக் கிளம்பினோம். "இன்னைக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது மாமா" என்றான் வானிலை.

8.40க்குப் பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்றில்லை. அதை உருட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தேன். 11.20க்குச் சாப்பாட்டுத் தூக்கு கவிழ்ந்து, துணிப்பை முழுக்கக் குழம்பு. 1.30க்கு வானிலை காட்டிய குறுக்கு வழி ஒரு கோழிப்பண்ணையின் கேட்டில் போய் முடிந்தது. மூன்று மணிக்குச் சின்னவள் வாந்தி எடுத்தாள். மலை ஏறத் தொடங்கியதும் தூறல் பிடித்துக்கொண்டது. கண்ணாடியின் வலது பக்க வைப்பர் வேலை செய்யவில்லை.

"திரும்பிடலாங்க. சகுனமே சரியில்ல" என்றாள் மனைவி.

"சகுனம் பார்த்திருந்தா உன்னையே கட்டியிருக்க மாட்டேன்."

"அது அன்னைக்கு எனக்கில்ல தெரிஞ்சிருக்கணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. பதினாறு வருடம் கழித்து ஒரு பயணம். அதையும் பாதியில் முடித்து, கடலைக் காட்டாமல் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போவதா? உருட்டிக்கொண்டாவது போய்ச் சேருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

சரியாக 5.37. ஒரு வளைவில் சிவப்புக் கொடி தெரிந்தது.

ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் நடுரோட்டில் நின்று கொடியைக் காட்டினாள். நிறுத்தினேன். முப்பது வயதிருக்கும். வேலை செய்து காய்த்துப்போன கை. ஜன்னல் பக்கம் வந்து ஒரு கம்பை நீட்டினாள். முழ நீளம். ஒரு முனையில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது.

"நீங்கதான் கடைசி வண்டிண்ணே."

எனக்குப் புரிந்தது. ரோட்டில் ஒரு பாதியில் வேலை நடந்தால், மறுபாதியில் ஒரு பக்கத்து வண்டிகளைத்தான் விட முடியும். வளைவு இருந்தால் ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. மலையில் போனும் எடுக்காது. அதற்குத்தான் இந்தக் கம்பு. இந்தப் பக்கம் விட்ட கடைசி வண்டியின் கையில் கொடுத்தனுப்புவார்கள். கம்பு மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தால் பாதை காலி என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அங்கிருந்து வண்டிகளை விடுவார்கள். பத்தொன்பது வயதில் நானே அந்தக் கம்போடு இரண்டு வருடம் வெயிலில் நின்றிருக்கிறேன்.

"மேல நிக்கிறவர் கையில குடுங்கண்ணே. நடுவுல யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா தாயி. நானும் கொடி பிடிச்சவன்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப சரிண்ணே" என்றாள். ஆனால் ஜன்னலில் வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனபிறகுதான் ஒன்று உறைத்தது. தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் கண்ணாடியெல்லாம் தண்ணீர். அவள் சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மரத்தடியில் நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே மரம் இல்லை.

அப்புறம் ரோடு. நல்ல ரோடு. தோண்டவில்லை, ஜல்லிக் குவியல் இல்லை, ரோலர் இல்லை, ஆள் இல்லை. ஆனால் வாசனை அடித்தது. கொதிக்கிற தாரின் வாசனை. அது என் மூக்குக்குத் தப்பாது.

"என்னப்பா நாத்தம்?" என்றாள் பெரியவள்.

"ஒண்ணுமில்லடா. தார்தான். அந்தக் காலத்துல அப்பாவுக்குச் சோறு போட்டது."

5.52. ரேடியேட்டர் கொதித்தது. மூடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி. வேறு வழியில்லை, நிறுத்தினேன். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

வானிலை இறங்கி நாலாபுறமும் பார்த்தான். "இங்க யாரும் வர மாட்டாங்க மாமா."

நான் வண்டிக்கு முன்னால் குனிந்திருந்தேன். பின்னால் காலடிச் சத்தம். சரக்... சரக்... சரக்...

திரும்பினேன்.

ஒருவன் நின்றான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அரைக்கால் சட்டை. இடது புருவம் பாதியில் அறுந்திருந்தது. பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இவனுக்கு இருந்தது. தார் சுடாமலிருக்க இரண்டு காலிலும் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தான். நாங்களும் அப்படித்தான் கட்டுவோம்.

"நான் மேலதான் போறேன். குடுங்க, நானே குடுத்துடறேன்."

கையை நீட்டினான். கம்பு என் இடுப்பில் செருகியிருந்தது.

"வேண்டாம் தம்பி. நானே குடுத்துக்கறேன்."

"நான் மேலதான் போறேன். குடுங்க, நானே குடுத்துடறேன்."

அதே சொல். அதே ஏற்ற இறக்கம். கொஞ்சமும் மாறவில்லை. சிரித்த முகம். உதவி செய்ய வந்தவனின் முகம்.

"குடுத்து அனுப்புங்களேன்" என்றாள் மனைவி உள்ளிருந்து. "வண்டி எப்ப ஆறும், எப்பப் போறது. மேல எத்தனை பேர் காத்திருக்காங்களோ."

"ஒரு குச்சிக்குப் போயி என்ன மாமா வீம்பு" என்றான் வானிலை.

நியாயமான பேச்சுதான். கொடுத்தால் என்ன? ரோட்டைச் சுற்றாமல் ஏறுகிற ஒற்றையடிப் பாதை ஏதாவது இவனுக்குத் தெரிந்திருக்கும், ஐந்து நிமிடத்தில் போய்விடுவான். அங்கே காத்திருப்பவர்களுக்கு வழி கிடைக்கும்.

என் கை இடுப்புக்குப் போனது.

அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. வண்டி இங்கே நிற்கிறது. பாதை காலியாகவில்லை. கம்பு மட்டும் மேலே போனால்...

கையை எடுத்துவிட்டேன்.

"நடுவுல வாங்கக் கூடாதுன்னு உனக்கு எந்த மேஸ்திரியும் சொல்லித் தரலையா?"

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் கண் மட்டும் கம்பை விட்டு என் முகத்துக்கு வந்தது.

மேலிருந்து ஒரு சத்தம்.

பாம்ம்ம்... பாம்ம்ம்...

லாரி ஹாரன். கனமான லாரி. இறக்கத்தில் வருகிறது.

மணி 6.04.

"குடுங்க" என்றான். முதல்முறையாகச் சொல் மாறியது.

"குடுத்துத் தொலைங்க" என்று மனைவி கத்தினாள். சின்னவள் அழத் தொடங்கினாள். வானிலை கதவைத் திறந்து பிள்ளைகளை இழுத்தான். பாறைச் சுவரை ஒட்டி ஓட இடமில்லை. மறுபக்கம் பள்ளம்.

பனிக்குள் இரண்டு மஞ்சள் வெளிச்சம்.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. காலையிலிருந்து டயர், குழம்பு, வாந்தி, ரேடியேட்டர். இப்போது இது. என் பிள்ளை கடலைப் பார்க்கக் கூடாதென்று எல்லாம் ஒன்று கூடி வருகிறதா?

கம்பை உருவினேன்.

வேனுக்கு முன்னால் போய் நடுரோட்டில் நின்றேன். இரண்டு கையாலும் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

"கம்பு என்கிட்ட இருக்குடா. பாதை என்னோடது. நீ ஏன்டா வர்ற?"

வெளிச்சம் நிற்கவில்லை.

தார் வாசனை மூச்சை அடைத்தது.

பிரேக் சத்தம்... கிரீச்ச்ச்...

நகரவில்லை நான்.

முகத்தில் சூடு அடித்தது.

கண்ணை மூடவில்லை.

அணைந்தது.

வெளிச்சம், சத்தம், வாசனை எல்லாம் ஒரே நொடியில். தூறல் விழுகிற ஓசை மட்டும். லாரி இல்லை. அவனும் இல்லை. அவன் நின்ற இடத்தில் ரோடு காய்ந்திருந்தது, இரண்டு பாத அளவுக்கு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நனைந்தது.

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன். சாவியின் முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. 6.31க்கு மேல்முனை. கொடி பிடித்து யாரும் நிற்கவில்லை. காத்திருக்கும் வண்டிகளும் இல்லை. சாலைப் பராமரிப்பு ஷெட் ஒன்று இருந்தது, வெளியே பூட்டுத் தொங்கியது. கம்பை யாரிடம் கொடுக்க? இருக்கைக்கு அடியில் போட்டேன்.

மறுநாள் காலை கடலைப் பார்த்தோம். சின்னவள் அலையின் சத்தத்துக்குப் பயந்து முதலில் பின்னால் ஓடினாள், அப்புறம் அதை விரட்டிக்கொண்டு ஓடினாள். மூன்று நாள் இருந்தோம். மனைவி கம்பைக் கடலில் எறியச் சொன்னாள்.

"அது சேர வேண்டிய இடம் வேற" என்றேன்.

திரும்பி வர மலையைச் சுற்றிக்கொண்டு இன்னொரு வழி இருந்தது. எழுபது கிலோமீட்டர் கூடுதல். நான் அந்த வழியில் போகவில்லை. ரோடு போட்டுப் பிழைத்தவன் ரோட்டுக்குப் பயந்து ஒதுங்குவதா? வந்த வழியிலேயே திரும்பினேன். காலை 10.20க்கு ஷெட் வாசலில் நிறுத்தினேன். அன்று திறந்திருந்தது. ஐம்பது வயது மேஸ்திரி ஒருவர் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை கீழ் முனையில வேலை நடந்ததே..."

"வேலையா? இந்த ரோட்டுல பதினோரு வருஷமா தார் வேலை எதுவும் நடக்கல, புல் செதுக்கறதோட சரி."

கம்பை எடுத்துக் காட்டினேன். எழுந்து நின்றவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். நோட்டை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்.

பதினோரு வருடம் முன்பு. ஒரு குடும்பம், ஒரு வேன். பாதி வழியில் வண்டி சூடாகி நின்றுவிட்டது. ரோடு வேலை செய்த ஆள் ஒருவன் சாப்பிட மேலே வந்துகொண்டிருந்தான். மேலே காத்திருப்பவர்கள் பாவம் என்று கம்பை வாங்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மேல்முனைக்காரர் கம்பு வந்துவிட்டது என்று ஜல்லி லாரியை விட்டார்.

"வேன்ல இருந்த ஆறு பேரும் போயிட்டாங்க. அன்னைக்கு அந்தக் கம்பை வாங்கினது நான்தான்."

"வாங்கிட்டு வந்தவன் எப்பச் செத்தான்?"

"யார் செத்தா?" வாசலைக் காட்டினார். "அதோ இருக்கான்."

கால்வாய் ஓரத்தில் ஒருவன் புல் செதுக்கிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. அறுபது வயது என்று சொல்லலாம். நிமிர்ந்தான். இடது புருவம் பாதியில் அறுந்திருந்தது.

மலையில் பார்த்த அதே முகம், பதினோரு வருடத்தில் இப்படி மூத்திருந்தது. என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மறுபடியும் குனிந்து செதுக்கத் தொடங்கினான்.

"அப்ப கீழ் முனையில இதைக் குடுத்த பொண்ணு?"

மேஸ்திரி நெற்றியைத் தேய்த்தார். "அன்னைக்குக் கீழ நின்னது இவன் சம்சாரம். கேஸ் முடிஞ்சு கம்பு திரும்பி வந்துச்சு. அவதான் வெச்சிருந்தா. போன வருஷம் அவ போனப்ப கூடவே வெச்சுப் புதைச்சோம். நானே வெச்சேன்."

கம்பை நீட்டினேன். அவர் கை நகரவில்லை.

"புடிங்க மேஸ்திரி. மேல்முனை நீங்கதான். என் வண்டி வந்து சேர்ந்துடுச்சு. பாதை காலி."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கால்வாய் ஓரத்தில் இருந்தவனைப் பார்த்தபடி சொன்னார்:

"அன்னையிலருந்து இவன் வாயைத் திறந்ததே இல்ல. ஒரு வார்த்தை கிடையாது. ஞாயித்துக்கிழமை இவனுக்கு ஜுரம். உள்ள படுக்க வெச்சுப் பூட்டிட்டு மருந்து வாங்கப் போயிருந்தேன். ராத்திரி வந்து கதவைத் தொறக்கறேன், உட்கார்ந்திருக்கான். என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னான்..."

"என்ன சொன்னான்?"

"'இன்னைக்கு ஒருத்தர் குடுக்கலண்ணே'ன்னான்."