குரோட்டன்ஸுக்குத் தடவிய எண்ணெய்

வீட்டுச்செடிக் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்ததில் கால் கடுத்துப்போயிற்று. ஒரு பெண் தன் போட்டிச் செடியின் இலைகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் அம்மா வந்துவிட்டாள்.

சுதந்திரத்துக்கு முந்தைய காலம். பூந்தமல்லியில் எங்கள் கூடத்து ஜன்னலோரம் அம்மா வளர்த்த குரோட்டன்ஸைப் பட்டணத்து மலர்க்காட்சிக்குக் கொண்டுபோனோம். பளபளக்கட்டும் என்று, என் தலைக்கு வைத்த எண்ணெயையே இலைகளுக்கும் தடவினாள். குமணன்சாவடி தாண்டுவதற்குள் மாட்டுவண்டி கிளப்பிய புழுதியெல்லாம் இலைகளில் அப்பிக்கொண்டது. மண்டப வாசலில் உட்கார்ந்து முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அழுக்கு இழுவிக்கொண்டே போனது. பாதிச் செடி துடைப்பதற்குள், பரிசு சொல்ல வந்த துரை எல்லா மேசையையும் பார்த்து முடித்துவிட்டார்.

திரும்பும்போது வண்டிக்காரர் கேட்டார்: "இன்னாம்மா, பரிசு கெட்ச்சுதா?"

"புழுதிக்குத்தான் கெட்ச்சுது" என்ற அம்மா, தொட்டியை மடியிலிருந்து இறக்காமலே தூங்கிப்போனாள்.

"எண்ணெ வேணாம்மா, தூசி ஒட்டிக்கும்" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"ஏசி ஹால்ல ஏது தாத்தா தூசி?" என்று சிரித்தாள்.

நியாயம்தான். இலைகளைத் துடைக்க எடுத்த கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.