முதலில் நகர்ந்த குடம்

நான் என் கணவருக்குத் துரோகம் செய்தவள். அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். இரண்டையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில், ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அவருக்கு ஷிப்ட் வேலை. நான் அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே ஸ்டோரில் இருந்த ஒருவரிடம் மனதைக் கொடுத்தேன். மனதை மட்டுமா...? இல்லை. காட்டுப்பாக்கத்தில் அவருடைய நண்பர் வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

கணவர் குடித்தாரா, அடித்தாரா என்று காரணம் தேடுகிறீர்களா? தங்கமான மனிதர்! பிறகு ஏன்? நான் பேசும்போது அந்த ஆள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்... அவ்வளவுதான். அதற்குப் போய்!

ஒருநாள் குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில், தெரிந்தவர் யாரும் இல்லை என்ற தைரியத்தில், என் தலையில் சரிந்திருந்த பூவை அந்த ஆள் சரிசெய்தார். நிமிர்ந்தால் எதிரே மல்லிகா! எங்கள் பிளாக்கில் கீழ்வீட்டுக்காரி. அம்மா வீட்டுக்கு வந்திருப்பாள் போல. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றோடு அந்த ஆளை விட்டேன். பயத்தை விட முடியவில்லை. மல்லிகா சிரித்தாலும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம்.

சில மாதங்களில் மல்லிகாவின் கதையே வெளியே வந்துவிட்டது. ஒரு ஆட்டோக்காரரோடு பழக்கமாம். அவள் கணவன் அவளைத் தலைமுடியைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்து வந்து அடித்தான்.

மறுநாள் காலை குழாயடியில் இதே பேச்சு. பேசியவர்கள் யார் தெரியுமா? ஒருத்தியின் கணவருக்குத் திருநின்றவூரில் இன்னொரு குடும்பம். "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான்" என்று அவளே சிரிப்பாள். இன்னொருத்தி, கொழுந்தன் பேச்சை எடுத்தாலே அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்துவிடுவாள். ஒருவனுக்கு ஒருத்தி என்று வாய் கிழியப் பேசிய அந்த வரிசையில் உத்தமி யார்? நானா?

மல்லிகா வந்தாள். வீங்கிய முகத்தோடு தன் குடத்தை என் குடத்துக்குப் பின்னால் வைத்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலும் தெரிந்தவள் என்று அங்கே என் பேச்சுக்கு மதிப்பு. எனக்கோ ஒரே எண்ணம்... இவள் வாயைத் திறப்பதற்குள், இவள் சொல்லை யாரும் நம்பாதபடி செய்துவிட வேண்டும்!

"இவ குடத்துக்குப் பக்கத்துல என் குடம் இருக்காது."

சொல்லிவிட்டு என் குடத்தைத் தூக்கித் தள்ளி வைத்தேன். ஒவ்வொரு குடமாக நகர்ந்தது. அவளுடையது மட்டும் தனியே நின்றது.

"ஊரே காறித் துப்புது" என்று சொல்லி, அந்த வாரமே அவளை அம்மா வீட்டுக்குத் துரத்தினான் கணவன். பிள்ளையைக் கொடுக்கவில்லை. போகும்போது பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள். யார் காதிலாவது விழுமோ என்று படிக்கட்டை எட்டிப் பார்த்தேன்.

"இன்னாத்துக்குக்கா இப்டி பயந்துகினு கீறே?" என்றாள், மெதுவாக. "குமணன்சாவடில நான் யாரையும் பாக்கலக்கா."

ஐயோ! அவள் என்னை நாலு பேர் முன்னால் கிழித்திருக்கலாமே... அன்று இரவு அவள் பிள்ளை அம்மாவைக் கேட்டு அழுதது மாடிவரை கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களிடம் என் கணவர் பெருமையோடு சொன்னார்: "எங்க வீட்டம்மா நெருப்புங்க! தப்புப் பண்ணினவ பக்கத்துல குடத்தைக்கூட வைக்க மாட்டா. அவ வளர்த்த பொண்ணுங்க இது."

சம்பந்தியம்மாள் எழுந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டோம்.