ஜெசிந்தா அக்காவின் இரண்டாவது வாக்கியம்

எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் பகுதிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் லாக்கரில் வைத்துப் பூட்டினால் ஷிப்ட் முடிந்துதான் கையில் கிடைக்கும். அன்று மூன்றரை மணிக்கு லாக்கரைத் திறந்தபோது அக்காவின் மகள் ரோஸ்லின் ஏழு முறை அழைத்திருந்தாள். முதல் அழைப்பு காலை ஒன்பதரைக்கு. திருப்பி அழைத்தேன். "அம்மா போயிட்டாங்க மாமா. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிட்சி" என்றாள். அந்த ஆறு மணி நேரமும் நான் லீவில் இருந்த அக்காவின் இடத்தில் நின்று, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நகரவே இல்லை. சவப்பெட்டியை மூடுவதற்குக் கொஞ்சம் முன்புதான் வாலாஜாபாத்தைத் தாண்டி அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முப்பதாம் நாள் பூசையில் கொடுக்கும் சிறு புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி ரோஸ்லின் கேட்டாள். கோயில் பாட்டுக் குழுவில் அக்காவைப் பார்த்தவர்கள், தெருக்குழாயடியில் அவரோடு சண்டை போட்டுத் தோற்றவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். அந்த அக்காவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பார்த்தது எட்டு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்த அக்காவை. அவரைப் பற்றி இந்த ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத ஒத்துக்கொண்டேன்.

எண்ணெய்க் குழாய்களிலும் கேஸ் குழாய்களிலும் பொருத்தும் பெரிய வால்வுகளை எங்கள் கம்பெனி செய்கிறது. ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பவர்கள் இருவர். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டால் சிவப்பு விளக்கு அணையும்வரை வெளியே வர முடியாது. டிப்ளமோவை முடித்துக் கோவில்பட்டியிலிருந்து வந்த புதிதில், பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. கதவில் கை வைத்தேன். "டேய், கதவத் தொடாத. நானும் உள்ள தானே கீறேன், உன்ன மட்டுமா பூட்டி வச்சிக்கிறாங்க?" என்றார் அக்கா. கையில் ஒரு கடலை மிட்டாயைத் திணித்தார். தின்று முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது.

டெஸ்டில் தேறிய வால்வின் தகட்டில் டெஸ்ட் செய்தவர் தன் எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிக்க வேண்டும். அக்காவின் எண் பதினேழு. அந்த எண் வெட்டிய இரும்பு அச்சை அவர் யாருக்கும் இரவல் தந்ததில்லை. "அது எம்பேருடா. எந்த தேசத்துக்குப் போனாலும் நான் பாத்தேன்னு அது சொல்லும்" என்பார்.

பிறகு ரிப்போர்ட்டில் இரண்டு கையெழுத்து. முதலாவது டெஸ்ட் செய்தவருடையது, இரண்டாவது கூட நின்ற சாட்சியுடையது. சாட்சி முழுவதையும் படித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பது விதி. அக்கா முதலில் போட்டிருந்தால் நாங்கள் யாரும் படித்ததில்லை. ஒருநாள் ரிப்போர்ட்டின் குறிப்புப் பகுதியில் 'முத்துக்குமார் இன்று கேன்டீனில் ஆறு வடை தின்றார், கசிவு இல்லை' என்று எழுதி நீட்டினார். நான் போட்டுவிட்டேன். பகுதி முழுக்கச் சிரித்தது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நீ பேப்பருக்குக் கையெழுத்துப் போடறியா, எனக்குப் போடறியா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். அடுத்த நாளும் படிக்காமல்தான் போட்டேன்.

கனடாவுக்குப் போக வேண்டிய பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஓ.டி. பார்த்தோம். பாதி வால்வுகள் பெட்டிக்குள் போன பிறகு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். எண்ணெய்க் குழாய் போகும் வழியில் உள்ள மக்கள் அங்கே மறியல் செய்கிறார்கள், கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்றார் சூப்பர்வைசர். பெட்டிகள் வெயிலில் கிடந்தன, ஓ.டி. போயிற்று, கேன்டீனில் அந்த முகம் தெரியாத மக்களைத் திட்டாதவர்கள் இல்லை. எல்லோரையும்விட அதிகம் திட்டியவர் அக்கா. "அவங்களுக்கு இன்னா, சோறு கீது, ரோட்ல குந்திக்கினு கீறாங்க. இங்க நம்ம பொழப்பு போவுது."

பிறகு ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்தார். பனியில் கம்பளி போர்த்திக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு வயதான பழங்குடிப் பெண். என்ன பேசுகிறார் என்று அக்கா என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஆறு கெட்டுப்போகும்னு சொல்லுதாங்கக்கா. எங்க நிலம், எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலன்னு சொல்லுதாங்க" என்றேன். அதையே மூன்று தடவை போட்டுப் பார்த்தார். "ஒரு வார்த்த கேக்கறதுக்கா இந்தக் குளுருல குந்திக்கினு கீது இந்தம்மா?" என்றார். அதன் பிறகு அவர்களை அவர் திட்டிக் கேட்டதில்லை.

அந்த ஆர்டர் திரும்ப வரவே இல்லை. மாதங்கள் கழித்து அதே வால்வுகளைப் பிரித்து, மறுபடி டெஸ்ட் செய்து, நம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வரும் கேஸ் குழாய்க்கு அனுப்பச் சொன்னார்கள். ஓ.டி. திரும்பி வந்தது. அக்கா பாட்டுப் பாடிக்கொண்டே பதினேழைப் பதித்தார். அதற்குள் வாலாஜாபாத் பக்கம் வயல்களில் ஏதோ குழாய் போட மஞ்சள் கல் நட ஆரம்பித்திருந்தார்கள். அக்காவின் அறுபது சென்ட்டிலும் இரண்டு கல். நிலம் உங்களுடையதுதான், ஆனால் அதில் கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது என்றது நோட்டீஸ். ரோஸ்லினுக்கு வீடு கட்ட அவர் வைத்திருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்த வால்வுகளில் ஒன்று எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்தது கண்ணாடி அறைக்குள் வைத்துத்தான். கதவு பூட்டி, சிவப்பு விளக்கு எரிந்த பிறகு அனுப்பும் தாளைப் புரட்டிப் பார்த்தார். சேரும் இடத்தில் அவர் ஊரின் பெயர் இருந்தது.

"முத்து, இது எங்கூரு."

"வேற எதுவும் அதே பேருல இருக்குமோ என்னமோக்கா."

"சர்வே நம்பரும் போட்டுக்கீது. எங்க கொல்லதான். அவங்கோ வேணான்னு சொன்னது எங்கூட்டுக்கு வந்துக்கீது, பாரு."

விளக்கு அணைய இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கதவில் கை வைக்கவில்லை. முள் அசையவே இல்லை. வெளியே வந்து சுத்தியலை எடுத்து எண்ணைப் பதித்தார். நல்ல வால்வை நல்லதில்லை என்று சொல்ல அவருக்கு வராது.

ஊரில் எல்லோரும் அவரைத்தான் நம்பினார்கள். நீ அந்தக் கம்பெனியில் வேலை செய்பவள், வால்வு கசியும் என்று ஒரு வார்த்தை சொல், குழாய் நின்றுவிடும் என்றார்கள். "அதுல என் நம்பர் கீதுப்பா, நான் எப்டிச் சொல்லுவேன்?" என்று அவர் மறுத்தார். கசியும் என்றால் பொய், வேலையும் போகும். கசியாது என்றால் நிலம் போகும். அந்த மாதம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கருத்துக் கேட்கும் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஒவ்வொருவர் சொல்வதையும் எழுதி, அவரும் ஒரு சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அக்கா என்னைச் சாட்சியாகக் கூட்டிப்போனார். நான் இரண்டாம் ஷிப்டுக்குப் போக வேண்டும், பஸ்ஸுக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது.

"நீங்க அந்தக் கம்பெனிதானேம்மா? நீங்களே சொல்லுங்க, வால்வு கசியுமா?" என்றார் அதிகாரி.

"கசியாது சார். டெஸ்ட் பண்ணதே நாந்தான்."

மண்டபத்தில் கூச்சல் கிளம்பியது. அந்தக் கூச்சலில் அக்கா இரண்டாவதாக ஒரு வாக்கியம் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. எழுத்தர் எழுதவில்லை. "அத அடுத்த தாள்ல எழுதறேம்மா, மொதல்ல இதுல போடுங்க" என்றார். எழுத்தர் எழுதியிருந்த வரி உண்மை என்பதால் அக்கா போட்டார். போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுக்கச் சொல்லி அதிகாரியிடம் வாதாடத் திரும்பினார். எழுத்தர் தாளை என் பக்கம் தள்ளினார். அக்காவின் கையெழுத்து தெரிந்தது. அதன் கீழே என் கை தானாகப் போட்டது. "ரெண்டு பேரும் போட்டாச்சு, பதிவு முடிஞ்சுது. அடுத்தவங்க வாங்க" என்றார் அதிகாரி.

ஊருக்கு வந்த நகலில் இப்படி இருந்தது: நில உரிமையாளர் பாதுகாப்பு குறித்துத் திருப்தி தெரிவித்தார், வேறு ஆட்சேபணை இல்லை. அந்தக் கடைசி மூன்று சொற்கள் அச்சடித்த படிவத்தில் முன்பே இருந்தவை. அக்கா நகலை எனக்குக் காட்டினார். "நீ படிக்கல?" என்றார். "உங்க கையெழுத்து இருந்துச்சுக்கா" என்றேன். நகலை நான்காக மடித்தார். பிறகு, "நானுந்தான் கீழ இருந்தத படிக்கல. இத்தினி வருசமா உன்னக் கெடுத்து வச்சதும் நாந்தான்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

அதன் பிறகுதான் ஜெசிந்தா விலைபோய்விட்டார் என்ற பேச்சு கிளம்பியது. கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காராத ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன என்று ரோஸ்லின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று மனுக்கள் கொடுத்தார். உங்கள் கருத்து ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று மூன்றுக்கும் ஒரே பதில். படிக்காமல் கையெழுத்துப் போட்ட சாட்சியைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேலை பயம், அதைவிட அவமானம்.

குழாய் போட்டு மூடியபின் ஒருமுறை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். நிலத்தின் ஓரத்தில் கம்பிவேலி, பூட்டு, உள்ளே அந்த வால்வு. தகட்டில் பதினேழு தெரிந்தது. "என் நெலம், என் நம்பரு. நான் உள்ள போனா கேஸ் போடுவானாம்" என்றார். வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அவர் இறந்த மறுவாரம் அந்த எண் அச்சைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டு எண்ணை ரத்து செய்துவிட்டது. அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்த மண்டபத்தில் அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் மட்டும் இருக்கிறது. அது எந்தத் தாளிலும் ஏறவில்லை. அதனால் அவர் சொன்னபடியே இந்தத் தாளில் எழுதுகிறேன்:

"வால்வு நல்லா கீதுன்னுதான் சொன்னேன், கொழா வரலாம்னு சொல்லல சார். எங்கள ஒரு வார்த்த கேக்காம போடற கொழாக்கு நான் ஒத்துக்கல, எழுதிக்குங்க."

முதல் கையெழுத்துப் போட அக்கா இல்லை. இரண்டாவது என்னுடையது. முழுக்கப் படித்துவிட்டுப் போடுகிறேன்.

சாட்சி: ச. முத்துக்குமார்